பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து தரும் பழைய போட்டோ கடை, மேல மாசி வீதிப் பக்கம்

பழைய போட்டோக்களை ஒழுங்காக ஸ்கேன் செய்ய மதுரையில் எங்கே போகலாம் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் நானே நாலு பேரிடம் கேட்டு அலைந்தேன். இப்போது ஒரு இடம் கிடைத்துவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஒற்றை ஆளாகப் பார்க்கிற வேலை, கையில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, பெயர் வேண்டாம் தம்பி என்று அவரே கேட்டுக்கொண்டார். வழி சொல்லிவிடுகிறேன். 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி முழு வேட்டியை விட்டு அரை வேட்டிக்கு மாறினாரே, மேல மாசி வீதியில் அந்த வீடு, இப்போது கீழே கதர்க்கடை இருக்கிறது, அங்கிருந்து பொடிநடையாக ஐந்து நிமிடம். ஒரு சந்துக்குள் மாடி. கீழே டீக்கடையில் 'பழைய போட்டோ அண்ணன்' என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

முதலில் நான் ஏன் போனேன் என்று சொன்னால்தான் இந்தக் கடை ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப்பட்டது என்பது புரியும். எங்களுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு குரூப் போட்டோ கிடைத்தது. 1958-ல் எடுத்தது. எங்கள் சேரிப் பிள்ளைகளும் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகளும் தங்கிப் படித்த ஒரு விடுதியின் ஆண்டு விழாப் படம். 23 பையன்கள், நடுவில் நாற்காலியில் வார்டன். தாத்தா இரண்டாவது வரிசையில் கடைசி ஆள், அப்போது அவருக்கு 14 வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அவர்தான். ஓரம் கரையான் அரித்து, வலது மூலையில் ஒரு கை அகலத்துக்கு நீர்க்கறை.

இதை நேராக்கித் தருகிறோம் என்று ஊருக்குள் வேறொரு கடையில் சொன்னார்கள். பிரேமோடு 850 ரூபாய். இரண்டு மணி நேரத்தில் ஏஐ போட்டுப் பெரிதாக்கி, கலர் ஏற்றி, பளபளவென்று கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். அப்பா வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "யார்றா இது?" என்றார்.

தாத்தா சிவப்பாக இருந்தார். அவர் மட்டும் இல்லை, 23 பேருமே சிவப்பாக, ஒரே மூக்கோடு, ஒரே சிரிப்போடு இருந்தார்கள். அந்தப் படத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அது எங்களுக்கு மனப்பாடம். கீழே பார்த்தால் எல்லார் காலிலும் ஷூ. பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகை போய் ஏதோ பூங்கா மாதிரி பச்சையாக வந்திருந்தது. அந்தக் கடைப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் போல. ஆனால் தாத்தா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு விஷயம், ஊர்த் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. அந்தக் காலுக்கு ஷூ மாட்டிவிட்டால் அவர் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடுகிறதே. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் ஒரு நண்பர் இந்த மாடியைக் காட்டினார்.

அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முன்னால் ஸ்டுடியோ வைத்திருந்தவர், இருட்டறையில் பிரிண்ட் போட்டுப் பழகிய கை. போட்டோவைக் கொடுத்ததும் வாங்கி நேரே முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். அங்கே நீல மசியில், 'இடமிருந்து வலம்' என்று தலைப்புப் போட்டு, வரிசை வாரியாகப் பெயர்கள் இருந்தன. அதுவரை நாங்கள் யாரும் அதை முழுசாகப் படித்ததே கிடையாது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டுக்கும் ஒரே நம்பர் போட்டு இரண்டு பைல். இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கேட்டதற்கு, "முன்னாடி இருக்கிறது மூஞ்சி, பின்னாடி இருக்கிறது ஆளு. ஒண்ண மட்டும் எடுத்தா எப்படி?" என்றார்.

முதல் கடையில் போட்ட பிரிண்டை போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "தம்பி, காந்தி மியூசியத்துல அவரு சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த துணி இருக்குல்ல, ரத்தக் கறையோட. அத யாராச்சும் தொவச்சு வெளுத்தா வச்சிருக்காங்க?"

இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குப்பட்டது. 1955-ல் அமெரிக்காவில், மிசிசிப்பியில், எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். அவனுக்கும் 14 வயதுதான். உடல் சிகாகோவுக்கு வந்தபோது முகத்தைக் கொஞ்சம் சரிசெய்யட்டுமா என்று கேட்டவர்களிடம் அவன் அம்மா மேமி வேண்டாம் என்றுவிட்டார். சவப்பெட்டியை மூடவும் விடவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். ஜெட் என்ற பத்திரிகையில் அந்தப் படம் வந்தது, அதைப் பார்த்த ஒரு தலைமுறையே தெருவுக்கு இறங்கியது. அந்தப் பெட்டி இன்றைக்கு வாஷிங்டனில், 2016-ல் திறந்த கறுப்பின மக்களின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அம்மா அன்றைக்கு 'சரி, கொஞ்சம் அழகாக்குங்கள்' என்று தலையாட்டியிருந்தால் அந்தப் படமே கிடையாது. எங்கள் தாத்தா படத்தை அதோடு ஒப்பிடவில்லை, அந்தக் கொடுமை வேறு. ஆனால் படத்தில் இருப்பதை இருக்கிறபடி விடவேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். அண்ணனிடம் இருப்பது சமதளக் கண்ணாடி ஸ்கேனர், நெகட்டிவ் எடுக்கிற வசதியோடு. சாதாரணப் போட்டோவை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, எடுக்கிறார், சின்னப் படம், பாஸ்போர்ட் சைஸ் என்றால் 1200. சுருக்காத டிஃப் பைல் ஒன்று, போனில் அனுப்ப ஜேபெக் ஒன்று. தூசியைக்கூட முதல் பைலில் தொடமாட்டார். கீறல், கறை எடுக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி நகல் போட்டு அதில்தான் கை வைக்கிறார், பெயரிலேயே 'திருத்தியது' என்று சேர்த்துவிடுகிறார். எங்கள் படத்தில் நீர்க்கறையை மட்டும் லேசாகக் குறைத்தார், கரையான் தின்ற மூலையை நிரப்பவில்லை. "அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

ஸ்கேன் ஆனதும் திரையில் பெரிதாக்கி வரிசை வரிசையாக நகர்த்திக் காட்டினார். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. 23 சட்டையும் ஒரே கதர்த் துணியில் தைத்தவை, ஆனால் பொத்தான் ஒன்றுபோல இல்லை. ஒருவனுக்கு இரண்டாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு. தாத்தாவின் இடது கைச் சட்டை மடிப்பில் ஒரு பென்சில் செருகியிருக்கிறது, இத்தனை வருடம் வீட்டில் இருந்த படத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. கால்களுக்கு வந்தார். 22 பேர் வெறுங்கால். முன்வரிசையில் ஒரு பையன் மட்டும் செருப்புப் போட்டிருக்கிறான், அதையும் மறைக்கிற மாதிரி ஒரு பாதத்தை இன்னொன்றின் பின்னால் இழுத்து வைத்திருக்கிறான். அப்பா கூட வந்திருந்தார். அந்தக் காலையே பார்த்துக்கொண்டு இருந்தார், எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

காத்திருக்க ஒரு மர பெஞ்சு இருக்கிறது. அன்றைக்கு அதில் எங்களோடு உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டுவந்தது போட்டோ இல்லை. நாலாக மடித்துத் துணியில் சுற்றிய ஒரு சீட்டு. ராதாரிச் சீட்டு. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்தில், பதிவில் இருந்த ஆள் ராத்திரி வெளியூரில் தங்க வேண்டும் என்றால் இந்தச் சீட்டு இல்லாமல் போகமுடியாது. அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் 16 பேர் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-ல். "இதுல எங்க அய்யா பேரு இருக்கு. அவமானம்னு நெறையப் பேரு அடுப்புல போட்டாங்க, எங்க ஆத்தா மட்டும் போட விடல" என்றார் பெரியவர். அப்பாவும் அவரும் பேச ஆரம்பித்தார்கள். ஊர் எது, யார் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிருக்கும், நம் பக்கத்தில் அது தெரியாமல் இருக்காது. ஆனால் ஒருவர் கையிலிருந்த காகிதத்தை இன்னொருவர் வாங்கிப் படித்தார். நான் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பெயர் எழுதி வைப்பதைப் பற்றி அண்ணன் ஒரு பாடமே எடுத்தார். பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கம் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மசியும் ஊறும். மெத்தென்ற பென்சிலால், ஓரத்தில், லேசாக எழுதவேண்டும். ஒட்டுப் பசை உள்ள பக்கங்களோடு பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பம், 80-களில் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வாங்கினோமே, அதுதான் பெரிய எதிரி. அதிலிருந்து பிடுங்காதீர்கள், ஆல்பத்தோடே கொண்டுவாருங்கள் என்கிறார். பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் அப்படியே. லேமினேஷன் கூடவே கூடாது, ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க வழி இல்லை. நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் காடி வாடை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை மற்றதோடு வைக்காமல் பிரித்துச் சீக்கிரம் ஸ்கேன் செய்யவேண்டும். இரும்புப் பெட்டிக்குள் இராமபாணப் பூச்சி வராது என்று நினைக்கிறோம், வரும்.

பெயர் என்றதும் எனக்கு 1939 ஜூலை 8 நினைவுக்கு வந்தது. அதுவரை உள்ளே விடாமல் வைத்திருந்தவர்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அன்றைக்கு வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு போனார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கூடப் போனவர்களில் கக்கன் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும், பின்னால் அமைச்சரானவர், எங்கள் மேலூர்த் தும்பைப்பட்டிக்காரர், அங்கே மணிமண்டபமும் இருக்கிறது. மற்றவர்கள்? முத்து, சின்னையா, பூர்ணலிங்கம், சுவாமி முருகானந்தம், விருதுநகர் சண்முக நாடார். அந்த வாசலைத் தாண்டும்போது அடி விழுமா, கல் விழுமா என்று தெரியாமல் காலை எடுத்து வைத்தவர்கள். நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார் என்பதும், அதன் பிறகு ராஜாஜி அரசு கோயில் நுழைவுக்காக அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதும், எல்லாருக்கும் திறந்த கோயிலுக்குத்தான் வருவேன் என்று இருந்த காந்தி 1946-ல் உள்ளே போனார் என்பதும் ஏட்டில் இருக்கிறது. அந்த ஐந்து பெயர்களைக் கடகடவென்று சொல்கிற ஆள் மதுரையில் எத்தனை பேர்? யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் அவையும் நமக்குக் கிடைத்தன.

பைல்களை வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தமுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15-ம் தேதி நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஓடிக்கொண்டே பார்த்த இடம். இந்த முறை அந்தத் துணி இருக்கிற இடத்தில் நின்றோம். அண்ணன் சொன்னதுதான் காதில் கேட்டது. அதே 1959-ன் தொடக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், நம் மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்துபோய், அப்புறம் ஆமாம், நானும் அதுதான் என்று உணர்ந்ததாக அவரே பின்னால் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் தாத்தாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருந்திருக்கும். அவர்கள் படம் எந்த வீட்டுப் பெட்டியில் இருக்கிறதோ.

பெரிய ஆட்களுடைய படம் எப்படியும் தப்பித்துவிடும். வீட்டுப் படங்கள்தான் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியது, சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் 90-களிலிருந்து பழைய அச்சைக் காப்பாற்றுகிறது. மதுரையில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெயரோடும் ஊரோடும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு இடம் வேண்டும். மேலவளவில் 1997 ஜூன் 30-ம் தேதி தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்த வாரத்துப் பத்திரிகைகளை அப்பா வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். தாள் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. அதையும் அண்ணனிடம் கொடுத்தேன். பக்கத்தைப் பிரிக்காமல் மேலிருந்து கேமராவில் எடுத்துக் கொடுத்தார். அந்த நோட்டுக்கு மட்டும் எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

காசு விஷயம். போட்டோ ஒன்றுக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, 60 ரூபாய். நெகட்டிவ் ஒன்றுக்கு 40. கண்ணாடியோடு ஒட்டியது 150. எட்டுக்குப் பன்னிரண்டு மேட் பிரிண்ட் 120. எனக்கு 41 போட்டோ, 12 நெகட்டிவ், கண்ணாடிப் படம் ஒன்று, பிரிண்ட் மூன்று, மொத்தம் 3,450 ஆனது. பென் டிரைவ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு கொண்டுபோங்கள், ஒன்றை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் வைக்கச் சொல்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. 12 நாளில் தருவதாகச் சொன்னார், 26 நாள் ஆனது. போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போகவேண்டும். மாடிப்படி செங்குத்து, பிடித்து ஏற ஒரு பக்கம்தான் கம்பி, அப்பா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது. மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரைக்கும் பூட்டிவிடுவார். பளபள பிரிண்ட், கலர் ஏற்றுவது, இறந்தவரையும் உயிரோடு இருப்பவரையும் சேர்த்து ஒரே படமாக்குவது, இதெல்லாம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார். அது தேவைப்படுகிறவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

இன்னொன்று. பின்பக்கம் இருந்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் 22தான். இரண்டாவது வரிசையில் மூன்றாவது பையனுக்குப் பெயர் இல்லை, அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். அண்ணன் பைலிலும் 'பெயர் தெரியவில்லை' என்றே போட்டுக் கொடுத்தார். அப்பா பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அந்த 23 பேரில் இன்னும் இருக்கிற ஒருவரைத் தேடி நத்தத்துக்குப் போனார். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம். வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே வந்து, மூன்றாவதில் நிறுத்தி, "இவன் மாடு மேய்க்கப் போயிட்டான்ல, பரீட்சைக்கு முன்னாடியே" என்று சொல்லிப் பெயரையும் சொன்னாராம். அப்பா அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார். பெட்டியைத் திறந்து, அந்தக் கோட்டுக்கு மேலே பென்சிலால் எழுதினேன். பின்பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வருகிற சனிக்கிழமை படி ஏறவேண்டும்.